பெரும்புள்ளியும் சிறுபுள்ளியும்

நான்கிவெல் குடும்பத்தைப் போல் கௌரவமான குடும்பம் பூமியின் தென்பாதியில் வேறு இல்லை. பெயரின் தொடக்கத்தில் 'நான்', முடிவில் 'வெல்'. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து ஆஸ்திரேலியாவின் மூண்டாவுக்குச் செம்பு வெட்ட வந்த நாள் முதல் நூற்றைம்பது ஆண்டுகளாக நாங்கள் மதுவைத் தொட்டதில்லை, தொட்டவரோடு பேசியதில்லை, மெதடிஸ்ட் தேவாலயத்தில் எங்கள் வரிசையில் பிறரை உட்காரவிட்டதுமில்லை.

இந்தப் பெருமையை நூலாக்க அமைந்த குழுவுக்கு ஹெட்லி நான்கிவெல் ஆகிய நானே தலைவர், செயலர், பேச்சாளர். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பதிவுகளை என் தங்கை கெரென்சாவின் பேத்தி தம்சின் கணினியில் ஏற்றியிருந்தாள். அவற்றைப் புத்தகப் பக்கங்களாக மாற்றும் 'எக்ஸ்எஸ்எல்டி' என்ற கட்டளைத்தாளையும் அவளே எழுதினாள்.

அந்தத் தாளில் ஒரு புள்ளியைக் கண்டேன்.

"இது என்னம்மா?"

"அதுதான் தாத்தா, 'இப்ப நிக்கிற இடம்'. 'ஒவ்வொருத்தருக்கும்'னு கட்டளை போட்டா, புள்ளி ஒவ்வொருத்தர்கிட்டயா போய் நிக்கும். அங்க நின்னு 'மனைவி'ன்னு கேட்டா அவரோட மனைவி பேர் வரும்."

"குடும்பத்துப் பெரும்புள்ளி, நானே ஒரே இடத்துல நிக்கிறேன். இந்தச் சின்னப் புள்ளிக்கு என்ன ஊர்சுத்தல்? மூதாதை டிகரிகிட்டயே நிக்கச் சொல்லு."

"வேண்டாம் தாத்தா, வம்பாயிடும்."

குழு கூடியது. 'புள்ளி நகரலாகாது' என்று நான் முன்மொழிந்தேன்; நானே வழிமொழிந்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வந்திருந்ததும் ஒரு மனம்தான்.

மாதிரிப் பக்கங்கள் வந்தன. புள்ளி டிகரியிடமே நின்றதால், யாருக்கு மனைவி யாரென்று கேட்டாலும் டிகரியின் மனைவி லவ்டேயே வந்தாள். குடும்பத்து ஆண்கள் அத்தனை பேருக்கும், போதகரான என் தம்பி மகன் உட்பட, ஒரே மனைவி. போதகரின் மனைவி மெரின் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, அப்ப நான் பத்தொன்பது வருஷமா யார் வீட்டு அடுப்புல பாஸ்டி சுட்டுக்கிட்டிருக்கேன்?"

எனவே குழு பெருந்தன்மையுடன் புள்ளியை நகர 'அனுமதித்தது'. அப்போதுதான் அபாயம் புலப்பட்டது. நகரும் புள்ளி கெரென்சாவிடமும் போய் நிற்கும். 'கணவர்' என்று கேட்கும். 1967இல் அவள் கட்டிக்கொண்டது ஓர் ஐரிஷ் கத்தோலிக்கனை. போதாக்குறைக்கு, அவன் மதுக்கடை முதலாளி. அன்று முதல் எங்களில் ஒருவரும் அவள் பக்கம் போய் நின்றதில்லை. ஒரு புள்ளி நிற்பதா?

"கெரென்சாவை மட்டும் தாண்டிப் போகச் சொல்லு."

தம்சின் முகம் சிவந்தது. "பாட்டிக்கு எண்பது வயசு தாத்தா. சனிக்கிழமை வெளியீட்டு விழாவுக்கு, அந்தப் புத்தகத்துல தன் பேரைப் பாக்கத்தான் வர்றாங்க."

"நிபந்தனை போட முடியுமா, முடியாதா?"

"முடியும். காரணத்தை நீங்க சொல்லுங்க. 'மதுக்கடைக்காரர் பொண்டாட்டி'ன்னு போடவா?"

"சே! நாகரிகமா எழுது. 'கௌரவம்' உள்ளவங்களை மட்டும் அச்சிடு."

"யார் பதிவுலயும் 'கௌரவம்'னு ஒண்ணு இல்லையே."

"அது எங்க ரத்தத்துலயே இருக்கு."

"'எங்க' ரத்தமா? 'நம்ம' இல்லையா தாத்தா?"

"இலக்கணம் வேண்டாம். சொன்னதை அப்படியே போடு."

"எழுத்துல குடுங்க."

கொடுத்தேன். கையொப்பமும் குடும்ப முத்திரையும் இட்டேன். மீண்டும் மாதிரி பார்ப்பது என்னை நானே சந்தேகிப்பதாகும் என்பதால் நேரே அச்சுக்கு அனுப்ப உத்தரவிட்டேன்.

சனிக்கிழமை தேவாலயக் கூடம் நிரம்பி வழிந்தது. தோல் அட்டை, பொன் எழுத்து. நூலை உயர்த்திப் பிடித்து, "இதில் இருப்பவர்களே நான்கிவெல்கள்!" என்று முழங்கினேன். கரவொலி. பிறகு பக்கங்கள் புரளும் ஓசை. பிறகு அதுவும் இல்லை. நூற்றறுபது பக்கம் என்பது ஒப்பந்தம். அச்சகம் ஒப்பந்தத்தை மதித்திருந்தது. நூற்றறுபதும் வெள்ளை.

கடைசி வரிசையிலிருந்து கெரென்சா கோலூன்றி வந்தாள். பேத்தி நீட்டிய என் ஆணையை வாசித்தாள். பிறகு நூலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"ஏதோ தப்பு நடந்துபோச்சு" என்றேன்.

"தப்பே இல்லண்ணே" என்றாள். "கௌரவம் உள்ளவங்களை மட்டும் போடச் சொல்லியிருக்க. அந்தப் புள்ளி ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நின்னு தேடிப் பாத்திருக்கு. உன்கிட்டயும் வந்திருக்கும்."