தொட்டியில் முளைத்த தாடி

என் வீட்டு விறாந்தையில் ஒரு துண்டுக் கடலை நிறுவுவது என்று எண்பத்தைந்தாம் ஆண்டு தீர்மானித்தேன். சுற்றிவரக் கடல் உள்ள வேலணையில் இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் ஊரடங்கு நாளில் மனைவியோடு வீட்டில் இருந்து பார்க்காதவர்கள்.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் பிறருடைய செய்திகளைத் திருத்துவது என் தொழில். ஊரடங்கு போட்டால் பஸ் ஓடாது. பஸ் ஓடாவிட்டால் திருத்துவதற்கு வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளில் ஒரு காற்புள்ளியைக்கூட என்னால் மாற்ற முடிந்ததில்லை. ஆகவே ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கொண்டக்ரர் அதற்கு அரை ரிக்கற் போட்டார்.

மண்கும்பான் கரையில் கடல் தண்ணீர் அள்ளினேன். பவளப்பாறை உடைந்த முருகைக்கல் நாலு வைத்தேன். விரல் நீள வரிமீன் இரண்டும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்றும் விட்டேன். தண்ணீருக்குக் காற்று அடிப்பது சைக்கிள் பம்பினால். காலையில் நான். மாலையிலும் நான்.

மனைவி மீனலோசனி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நாட்களில்தான் எனக்குக் காய்ச்சல் வருவது வழக்கம்.

சில வாரம் கழித்து ஒரு காலை தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

“இஞ்சருங்கோ, உங்கடை கல்லுக்குத் தாடி முளைச்சிருக்கு.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். கல்லின் உச்சியில் பச்சையாக, பஞ்சு போல, ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

“தாடியில்லை. பவளம் வளருது.”

“பவளம் சிவப்பெல்லோ?”

“இது குஞ்சுப் பவளம்.”

“அப்ப, பச்சையாய் இருந்து பழுத்தால் சிவக்குமாக்கும். மிளகாய் மாதிரி.”

அடுத்த வாரம் அது ஒரு முழு மீசையும் சேர்த்து வளர்த்திருந்தது. பவளக் கொள்கையைத் திருத்தம் வெளியிடாமலே கைவிட்டேன். இது பூஞ்சணம் என்று முடிவு செய்தேன். பூஞ்சணத்துக்கு உப்பு ஆகாது. குசினியிலிருந்து ஒரு கை உப்பு எடுத்து வந்தேன்.

“என்னப்பா செய்யிறியள்?”

“உப்புப் போடுறன்.”

“கடல் தண்ணிக்கோ?”

“ஓம்.”

“புளியும் கரைச்சு விடவோ?”

உப்பில் அது இன்னும் செழித்தது. பிறகு பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்துக் கல்லைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பஞ்சு பிய்ந்து தண்ணீர் முழுவதும் மிதந்தது. பிய்ந்த ஒவ்வொரு துண்டும் எங்காவது ஒட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் தொடங்கியது. முன்பு ஒரு கல்லில் இருந்தது. இப்போது நாலு கல்லிலும், கண்ணாடியிலும், சங்கின் மேலும் இருந்தது. நண்டு கம்பளி போர்த்திக்கொண்டு நடந்தது.

“யன்னல் வெயில் நேரை படுது. ரெண்டு மீனுக்கு நாலு பேற்றை சோத்தைப் போடுறியள். பயிர் வளராமல் என்ன செய்யும்?” என்றாள்.

“உமக்கென்ன தெரியும்? இது விஞ்ஞானம்.”

அவள் தலையாட்டினாள். அன்று மாலை தீர்ப்பு வந்தது. சரவணையில் இருக்கும் அவளுடைய தமையன் வல்லிபுரம் தன் தையல் மெசினைத் தங்கைக்குக் கொடுக்கப் போகிறாராம்.

“வாற மாதப் பிறப்புக்கு அடுத்த ஞாயிறு, அண்ணை குடும்பத்தோடை மெசினைக் கொண்டு வாறார். அண்டைக்கு உந்தத் தாடி இருந்தால், தொட்டி வெளியிலை, மெசின் அந்த இடத்திலை. ஆட்டுக்குத் தண்ணி வைக்க நல்லது.”

“தாடி போனால்?”

“போனால் தொட்டி உதிலேயே இருக்கட்டும். நான் சொல்லு மாறமாட்டன்.”

அவள் சொல்லு மாறமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். நான் இரண்டு நாள் தொட்டிக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவளே தேத்தண்ணியோடு வந்தாள். அவளாகத் தேத்தண்ணி கொண்டு வந்தபோதே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

“ஓரா மீன் வாங்கி விடுங்கோ. ஓரா பாசி தின்னும்.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“இவ்வளவு காலமும் ஓராவின்ரை குடலை எடுத்துக் கழுவுறது ஆர்? உள்ளை முழுக்கப் பச்சைப் பாசிதான்.”

“நானும் அதைத்தான் யோசிச்சனான்,” என்றேன். “ரெண்டு காணும்.”

“காணாது. ஆறு. நல்ல பெரிசாய்ப் பாத்து.”

“கல்லு நாலுதானே?”

“ஆறு.”

கணக்கு உதைத்தது. ஆனால் நான் எழுத்துக்காரன், கணக்கில் தலையிடுவதில்லை.

அந்த மாதங்களில் கடலுக்குப் போகத் தடை வருவதும் நீங்குவதுமாக இருந்தது. சந்தையில் மீனைக் கண்டால் ஊரே எழுந்து நிற்கும். ஆனாலும் ஊர் மீன்காரன் சில்வெஸ்ரர் கரையோரத்தில் தாழ்த்தியிருந்த தன் மீன்கூட்டிலிருந்து ஆறு ஓராவை உயிரோடு வாளியில் கொண்டு வந்தான். நான் இன்னும் அவனிடம் கேட்கவேயில்லை.

“அக்கா போன கிழமையே சொல்லிப்போட்டா, அண்ணை.”

எனக்குச் சந்தேகம் வந்தது. பத்திரிகையில் இத்தனை காலம் இருந்தவனுக்கு அது வரத்தான் வேண்டும். மீனலோசனியைக் கூப்பிட்டேன்.

“இஞ்சேரும். தொட்டிக்குள்ளை போனதுகள் எங்கடை பிள்ளையள் மாதிரி. குசினிப் பக்கம் வரப்படாது. சத்தியம் பண்ணும்.”

அவள் நயினாதீவு அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்தாள்.

“அம்மாளாணை, தொட்டிக்குள்ளை கிடக்கிற மீனிலை நான் கை வைக்கமாட்டன்.”

ஓராக்கள் மாடு மேய்வது போல மேய்ந்தன. முதலில் கண்ணாடி வெளித்தது. பிறகு கற்கள் மொட்டையாகின. கடைசியில் நண்டின் கம்பளியும் போய்விட்டது. அது குளிருக்குள் விடப்பட்டதுபோல ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. நான் “வீட்டுக் கடலில் பாசி ஒழிப்பு: ஒரு புதிய முறை” என்று ஒரு கட்டுரை எழுதினேன். ஞாயிறு இதழில் என் பெயரோடு வந்தது. அதே ஞாயிறுதான் வல்லிபுரம் வருவதாக இருந்தது.

காலையில் மீனலோசனி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“தண்ணி மணக்குது. தின்னுறதும் கழிக்கிறதும் உள்ளைதானே. அண்ணை வரமுதல் தண்ணியை மாத்துங்கோ.”

மணக்கத்தான் செய்தது.

“மீனுகளை?”

“ஓராவை வாளிக்குள்ளை விட்டிட்டுப் போங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்.”

ஒவ்வொன்றாகப் பிடித்து வாளியில் விட்டேன். ஆறாவது ஓரா தன் முதுகு முள்ளால் என் உள்ளங்கையில் குத்தியது. ஓரா முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று எழுத முடியாது. நான் போட்ட சத்தத்துக்குக் கொட்டிலில் நின்ற ஆடுகள் பதில் சொன்னன. அவள் என்னைக் குசினிக்கு இழுத்துப் போய்க் கையைச் சுடுதண்ணிக்குள் வைத்தாள். அடுப்பில் பெரிய பானையில் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கியது. என்ன முன்யோசனை!

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் அள்ளும் கான்களைச் சைக்கிளில் கட்டி மண்கும்பானுக்கு மிதித்தேன். திரும்பி வந்தபோது வல்லிபுரமும், மனைவி சத்தியபாமாவும், பிள்ளைகள் இரண்டும் வந்திருந்தார்கள். தொட்டி இருந்த இடத்தில் தொட்டி இருந்தது. அவள் சொல்லு மாறவில்லை. தையல் மெசின் என்னுடைய எழுத்து மேசை இருந்த இடத்தில் இருந்தது. மேசை ஆட்டுக் கொட்டிலில் இருந்தது.

“முதல்லை சாப்பிடுங்கோ, களைச்சுப்போனியள்.”

பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற் கூழ். பிலாவிலையைக் கோலித் தந்தாள். ஊற்ற ஊற்றக் குடித்தேன்.

“மச்சான், இப்பிடி ஒரு மீன் இந்த வருசத்திலை நான் வாயிலை வைக்கேலை,” என்றார் வல்லிபுரம்.

“உண்மைதான். துடிக்கத் துடிக்கப் போட்ட ருசி,” என்றேன். பிறகுதான் நாக்கு நின்றது. “எங்காலை மீன்? ஒருத்தரும் கடலுக்குப் போகேலையே?”

சத்தியபாமா முகட்டைப் பார்த்தாள். பந்தியில் இருந்தவர்களை எண்ணினேன். எங்கள் இருவரையும் சேர்த்து ஆறு பேர். முற்றத்தைப் பார்த்தேன். வாளி கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

“அம்மாளாணை எண்டு சத்தியம் பண்ணினீரே!”

“பண்ணினனான்தான். தொட்டிக்குள்ளை கிடந்த மீனிலை நான் கை வைச்சனானோ? வைச்சது ஆற்றை கை? வீங்கிக் கிடக்கு, பாருங்கோ. எனக்குக் கிடைச்சது வாளி மீன்.”

வல்லிபுரம் என் இலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

விருந்தினர் போனபின் தொட்டியில் புதுத் தண்ணீர் விட்டேன். ஒரு கல்லின் அடியில் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. பல் பிரஷை எடுத்தேன். மீனலோசனி அதை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“அதிலை கை வைக்காதையுங்கோ. வளரட்டும். அடுத்த மாதமும் அண்ணை வாறாராம்.”

இப்போது யன்னலை அகலத் திறந்து வைத்து, நாலு பேருடைய சோற்றை நானே தொட்டிக்குள் போடுகிறேன்; தாடி இன்னும் காணாதாம்.