அஞ்சுநாக்கு சொன்ன 'பெரிய ஸ்டோரி'

வெங்காயம் வாங்கக் கடைக்குப் போய், வெங்காயத்துக்குத் தெலுங்கில் என்ன பெயர், கன்னடத்தில் என்ன பெயர் என்று கடைக்காரரோடு அரைநாள் வாதாடி, ஜெயித்து, வெறும் பையோடு வீடு திரும்பிய மனிதர் பூமண்டலத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியப்போகிற வருஷங்கள். கோலார் தங்கவயலில் ஒரு சுரங்க ஆபீஸ். நான் குமாஸ்தா, அவர் மொழிபெயர்ப்பாளர். துபாஷி என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும். "துபாஷின்னா ரெண்டு பாஷை. மீதி மூணு பாஷைய நான் எங்க கொண்டுபோய்க் கொட்றது?" என்பார். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி, இங்கிலீஷ் என்று கணக்கு சரியாக இருந்ததால், ஊர் அவருக்கு 'அஞ்சுநாக்கு' என்று பெயர் வைத்தது. கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

அந்த ஐந்து நாக்குக்கும் பிடித்த ஒரே தின்பண்டம் 'கதை' என்ற சொல். எங்கே யார் அதை உச்சரித்தாலும் நின்றுவிடுவார். கன்னடத் தபால்காரர், "ஏன் சுவாமி, கதெ?" என்று நலம் விசாரிப்பார். என்ன சேதி என்று அர்த்தம். அஞ்சுநாக்கு அதைத் தமிழில் கேட்டுக்கொண்டு, "ஏன் கதை? அதான் எனக்கும் புரியல. மனுசனுக்கு எதுக்குக் கதை?" என்று ஆரம்பிப்பார். அன்றைக்கு ஊரில் யாருக்கும் கடிதம் போய்ச் சேராது.

தெலுங்குப் பால்காரரிடம் ஒருநாள், பாலில் தண்ணீர் அதிகம் என்று சொல்லிவிட்டார். பால்காரர் முண்டாசை அவிழ்த்துக் கீழே போட்டு, கையை ஓங்கி, "நீ கத செப்தானு!" என்று கத்தினார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உன் கதையைச் சொல்கிறேன்'; உன்னை உதைக்கிறேன் பார் என்பதைத் தெலுங்கில் அப்படியும் சொல்லலாம். அஞ்சுநாக்கு உடனே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "செப்பு நாயனா, மொதல்லேர்ந்து செப்பு" என்றார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், பால்காரர் அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

இப்பேர்ப்பட்டவர்தான் ஒருநாள் முனுசாமியின் வேலைக்கு உலை வைத்தார்.

முனுசாமி வட ஆற்காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்த தொழிலாளி. ஷிப்ட் முடியுமுன்பே வேலையை விட்டுவிட்டு, கூட இருந்த நாலு பேரையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டார். காலை பத்து மணிக்கு விசாரணை. விசாரித்தவர் கேப்டன். கடலே இல்லாத ஊரில் சுரங்க மேற்பார்வைத் துரைக்கு அப்படித்தான் பெயர். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். பெண்டாட்டி பிள்ளைகள் தெருவுக்கு வர வேண்டும்.

"ஏன் ஏறி வந்தாய்?" என்று கேப்டன் கேட்டதை அஞ்சுநாக்கு தமிழில் சொன்னார்.

முனுசாமி கைகட்டி, "அத்து பெரிய கதைங்க தொரை..." என்று தொடங்கினார்.

அதற்கு மேல் அஞ்சுநாக்குக்குப் பொறுக்குமா? அவருடைய செல்லச் சொல்லாயிற்றே! முகமெல்லாம் மலர்ந்து, இங்கிலீஷில், "சார், அது பெரிய ஸ்டோரி என்கிறான்" என்றார்.

அந்தத் துரைகள் வீட்டில் 'ஸ்டோரி சொல்லாதே' என்றால் 'பொய் சொல்லாதே' என்று அர்த்தம். கேப்டன் மேஜையைத் தட்டினார். "பொய் என்று அவனே ஒத்துக்கொண்டான். நீக்கிவிட்டதாக எழுது!"

எழுதியது நான். என் கையெழுத்து என்றைக்கும் எனக்கே புரியாது. அந்த ஒரு வரி மட்டும் அச்சடித்த மாதிரி விழுந்தது. ஸ்டோரியின் அந்த அர்த்தம் எனக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் அடுத்த வரியில் என் பெயர் வருமே! நான் பேனாவைத் துடைத்தேன்.

"இன்னா ஐயா, இன்னா சொல்றாரு?" என்றார் முனுசாமி.

ஸ்டோரியின் இன்னொரு அர்த்தம் அப்போதுதான் அஞ்சுநாக்குக்கு உறைத்தது. முகம் சாம்பலாகிவிட்டது. பிறகு மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சார், தப்பு என்னுடையது. ஸ்டோரி என்பது உங்கள் ஹிஸ்டரியின் பிள்ளை. அதன் பாட்டன் கிரேக்கத்தில் இருக்கிறான். அங்கே அவனுக்குச் சாட்சி என்று பொருள். கண்ணால் கண்டவன்! எங்கள் கதையோ, 'எப்படி' என்று கேட்கிற சமஸ்கிருதக் 'கதம்' பெற்றது. எப்படி நடந்தது என்று சொல்கிறேன் என்கிறான் இவன். எப்படி என்று இன்னும் யாரும் கேட்கவில்லை."

கேப்டன் சலிப்போடு, "சரி, எப்படி?" என்றார்.

"மேல முட்டுக் குடுத்த மரம் முனகிச்சிங்க. மாடு ஈனறப்போ முனகுமே, அதுமாரி. மண்ணு கொட்டிச்சி. அஞ்சி பேரு உசுரு கீதேன்னு இட்டுக்கினு வந்துட்டேன்" என்றார் முனுசாமி. அஞ்சுநாக்கு அதை இங்கிலீஷில் சொன்னார்.

"உன் கிரேக்கன் அந்த மரத்தைப் பார்த்தானா?" என்று கேப்டன் அஞ்சுநாக்கைக் கேட்டார்.

"இல்லை, சார்."

"அப்படியானால் நீ வந்து பார். மரம் நன்றாக இருந்தால் இரண்டு பேரை நீக்கி எழுத வேண்டியிருக்கும்."

அஞ்சுநாக்கு அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சுரங்கத்துக்குள் இறங்கியதில்லை. குழியின் வாயைக் கண்டாலே சுற்றிக்கொண்டு போவார். முனுசாமியே பயந்துபோய், "வேணாம் ஐயா, எம்பாடு போவட்டும். நீங்க போங்க" என்றார். அஞ்சுநாக்கு செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, ஏதோ கோயிலுக்குள் போகிறவர் போல, சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டில் ஏறினார். மூவரும் இறங்கினார்கள். எனக்கு எழுத்து வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் இருந்திருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்துக் கூண்டு மேலே வந்தது. கேப்டன் ஒன்றும் பேசாமல் பதிவேட்டை இழுத்து, நான் எழுதிய வரியை நிப்பு வளையுமளவுக்கு அடித்தார். மரம் நடுவில் வாய்பிளந்திருந்ததாம். அந்த லெவலில் அன்று யாரும் இறங்கக் கூடாது என்று ஆள் அனுப்பினார்.

முனுசாமி கும்பிட்டார். "ஐயா, நீங்க இல்லாட்டி..."

"சும்மா இருப்பா. உன்ன மாட்டிவுட்டவனே நான்தான்" என்றார் அஞ்சுநாக்கு. பிறகு ஓரமாக விட்ட செருப்பைத் தேடிப் போனார்.

சாயங்காலம் நானும் அவரும் வீட்டுக்குக் கிளம்பினோம். என்னிடம் எதுவும் கேட்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆள் குள்ளம். அவர் வீட்டு வாசல் வரை நான் தோளைத் தாழ்த்திக்கொண்டே நடந்தேன்.