வளைய மறுத்த சிவப்புக் கோடு

முதலில் தப்பு செய்தது ஷிபு. இதை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து "செல்லையாவுக்கு வாய் ஜாஸ்தி" என்று கமென்ட் போடுவதற்கு முன்னால் இந்த வரியை மறுபடி படித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஆறு எண்களுக்கு அடியில் சிவப்பில் வளைகோடு வர வேண்டும்.

நான் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவன். படிப்பு நாலாம் வகுப்பு. பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, சூட்டு அறைக்குள் ஏற்றி, காய்ந்ததும் இறக்கித் தட்டுக்கு ஒரு சாக்காகக் கட்டுவோம். எந்தத் தட்டு காய்ந்தது, எது காயவில்லை என்று சொல்ல வேண்டியவன் நான்.

சொன்னால் போதாது, எழுத வேண்டும். எந்த எழுத்தில் எழுதுவது? சாக்கு கட்டும் மரியபுஷ்பத்துக்குத் தமிழ்தான் படிக்க வரும். லோடு ஏற்றுகிறவர்களுக்கு மலையாளம். சூட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் சோம்ரா ஜார்க்கண்ட்காரர், அவருக்கு இந்தி. ஒருத்தர் எழுத்து மற்றவருக்குப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும்.

அதனால் நான் ஒரு வழி பண்ணினேன். தட்டின் எண்ணை மட்டும் எழுதுவேன். காயாத தட்டுக்கு அடியில் சிவப்பில் வளைகோடு. காய்ந்த தட்டுக்கு அடியில் நீலத்தில் நேர்கோடு. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம் உள்ள ஒரே பென்சில். புகையில் நிறம் தெரியாமல் போனாலும் கோட்டின் வளைவு தெரியும். இத்தனை வருஷத்தில் ஈரக் காய் சாக்குக்குள் போனதே இல்லை.

ஷிபு வரும்வரை.

ஷிபு எங்கள் முதலாளியின் மருமகன். எறணாகுளத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இங்கே வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். வேலை பார்ப்பதை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் ஸ்டோருக்குள் வந்து என் நோட்டைப் புரட்டினார்.

"அண்ணாச்சி, இதெல்லாம் ஸ்கிரீன்ல வரணும். நான் செஞ்சு தரேன். ஒரு குழப்பமும் இல்லா."

"கோடு வருமா?"

"என்ன கோடு வேணும்? நேரா, வளைஞ்சு, புள்ளி வச்சு, எல்லாம் வரும். கலரும் வரும்."

தன் லேப்டாப்பைத் திறந்தார். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எண்கள். அதற்குப் பெயர் டெர்மினலாம். மவுஸ் வேண்டாம், படம் வேண்டாம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுமாம். ஏதோ தட்டினார். ஏழாம் எண்ணுக்கு அடியில் சிவப்பில் வளைகோடு வந்தது. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"கலர் ஒத்துப் பாக்கணும்" என்று என் பென்சிலை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார். நான் முதலில் சொன்ன ஷிபுவின் தப்பு இதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மறுநாள் காலை ஸ்டோரின் பழைய கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்றிவிட்டு ஷிபு வீட்டுக்குப் போய்விட்டார். நான் திரையைப் பார்த்தேன். பதினெட்டு தட்டு. அறைக்குள் ஏழிலிருந்து பன்னிரண்டு வரை இன்னும் காயாமல் கிடக்கிறது. ஆனால் பதினெட்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளையில் நேர்கோடு.

எங்கள் ஸ்டோருக்குள் ரேஞ்ச் கிடையாது. மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்றால்தான் போன் எடுக்கும். எண்பது படி. ஏறினேன்.

"சிவப்பைக் காணோமே, சார். வளைவையும் காணோம்."

"கோடு வந்ததல்லே?"

"வந்துச்சு."

"பின்ன என்ன, அண்ணாச்சி?"

பின்ன என்ன என்று கேட்கிறவரிடம் என்ன சொல்வது? விளக்கினேன். சில எண்கள் சொன்னார், கையில் எழுதிக்கொண்டேன். ஐம்பத்தெட்டு, அரைப்புள்ளி, அஞ்சு, அரைப்புள்ளி, ஒன்று. அந்த ஒன்றுதான் சிவப்பாம். எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். இறங்கினேன். ஒரு விரலால் அடித்தேன்.

சிவப்பு வரவில்லை. ஆறு எண்களும் மின்ன ஆரம்பித்தன. விட்டு விட்டு, விட்டு விட்டு, கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி.

எங்கள் சூட்டு அறையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. சூடு எல்லை மீறினால் அது மின்னும். மின்னினால் உடனே எல்லாக் கதவையும் திறந்துவிட வேண்டும். சோம்ராவுக்கு நான்தான் பழக்கிவைத்தேன். நல்ல ஆள், சொன்னதை மறக்க மாட்டார்.

அவர் திரையைப் பார்த்தார். ஓடிப்போய் நாலு கதவையும் திறந்துவிட்டார்.

"ஏம்ப்பா தொறந்தே?"

"மின்னுது, சாச்சா. நீங்கதான் சொன்னது."

இரவெல்லாம் விறகு போட்டு ஏற்றிய சூடு மலைக் காற்றோடு போய்க்கொண்டிருந்தது. கதவை அடைக்கச் சொல்லிவிட்டு மறுபடி எண்பது படி ஏறினேன்.

"மின்னுது, சார்."

"ஓ. பழைய டெர்மினல் அல்லே, அதுக்கு ஐம்பத்தெட்டு தெரியாது. அஞ்சை மட்டும் தனியா எடுத்திருக்கும். அஞ்சுன்னா மின்னுன்னு அர்த்தம்."

"தெரிஞ்சே அஞ்சைக் கொடுத்தீங்களா?"

"அதை அழிச்சிடுங்க. நேர்கோடு இருக்கட்டும். உச்சைக்கு நான் வரேன்."

உச்சைக்கு என்றால் மத்தியானம். அதற்குள் என்ன ஆகும் என்று விளக்கப் பார்த்தேன். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டார். இறங்கி வந்து அழித்தேன். மின்னுவது நின்றது. பதினெட்டுக்கும் மறுபடி நேர்கோடு. ஒரு காகிதத்திலாவது எழுதித் தொங்கவிடலாம் என்று பென்சிலுக்காகப் பையைத் தொட்டேன். பென்சில் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

முன் ரூமில் பேனா தேடிவிட்டு வந்து பார்த்தால், மரியபுஷ்பமும் மற்றப் பெண்களும் பதினெட்டுத் தட்டையும் இறக்கிச் சாக்கில் கட்டி முடித்திருந்தார்கள். எங்கள் பெண்கள் வேலையில் அவ்வளவு சுறுசுறுப்பு.

"ஏழாம் தட்டையுமா கட்டுனே?"

"கோடு நேராத்தானண்ணே இருந்துச்சு."

"கையில எடுத்தப்போ ஈரம் தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு. ஆனா கை சொல்றதைக் கேக்காதே, கோடு சொல்றதைக் கேளுன்னு நீங்கதானே வஞ்சீங்க, போன வருஷம்?"

வைததும் நான்தான்.

ஈரக் காய் சாக்குக்குள் வெந்து பூசணம் பிடிக்க அதிக நேரம் வேண்டாம். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். ஒரு சாக்குக்குள் கையை விட்டார். எடுத்தார். மோந்து பார்த்தார்.

"யாரு கோடு போட்டது?"

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். சோம்ரா என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் போட்டுச்சு, மொதலாளி."

"செல்லையா, இந்தக் காய் கெட்டுப் போச்சுன்னா நாளைக்கு நீ இந்த வாசல்ல வர வேண்டாம்."

அவ்வளவுதான். எத்தனை வருஷம் என்றெல்லாம் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நானும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஆறு சாக்கையும் பிரித்துத் தட்டில் கொட்டிப் பரப்பினோம். சோம்ரா விறகைத் திணித்தார். நான் ஒவ்வொரு தட்டாகக் காயைப் புரட்டிக்கொண்டே நின்றேன். முதுகு இன்னும் வலிக்கிறது.

உச்சைக்கு ஷிபு ஜீப்பில் வந்தார். திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த டெர்மினலுக்கு வளைகோடு தெரியாது, அண்ணாச்சி. தெரியாதப்போ சாதாரணக் கோடு போட்டுக்கும். அது ஒரு மரியாதை."

"தெரியாட்டா சும்மா இருக்கணும், சார். தெரியாமலே ஒண்ணைப் போட்டுட்டு நிக்கிறதுக்குப் பேரு மரியாதையா?"

நான் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசினேன். மரியபுஷ்பம் ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள் என்று தெரியாது.

ஷிபு புது டெர்மினல் ஒன்றை ஏற்றினார். அப்போதும் கோடு வளையவில்லை. நடுவில் இன்னொரு புரோகிராம் இருந்து வளைவைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம். அதற்கும் தனியாக ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டுமாம். எழுதினார், மூடினார், திறந்தார். ஒரு மணி நேரம் கழித்து ஏழாம் எண்ணுக்கு அடியில் சிவப்பு வளைகோடு வந்தது.

மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நீங்க போடுறது இதைவிட நல்லா வளையுமே."

சாயந்திரம் தட்டுகள் நன்றாகவே காய்ந்தன. பச்சை நிறம் கொஞ்சம் மங்கியதோடு சரி. முதலாளி ஒரு காயை உடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே பாத்துச் செய்யணும், செல்லையா." மருமகனிடம் டீ குடித்தாயா என்று கேட்டார்.

அப்போது கரண்ட் போனது. கறுப்புத் திரை முழுக் கறுப்பானது.

ஷிபு இரண்டு மூன்று கீயைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு அட்டையைக் கிழித்தார், சட்டைப் பையிலிருந்து என் பென்சிலை எடுத்தார், நான் சொல்லச் சொல்ல ஆறு எண்களையும் எழுதி, எல்லாவற்றுக்கும் அடியில் நீலத்தில் நேர்கோடு போட்டு ஆணியில் மாட்டினார். பெண்கள் ஒரே பார்வையில் படித்துவிட்டுச் சாக்கில் கட்டத் தொடங்கினார்கள்.

"சூப்பர் சிஸ்டம், அண்ணாச்சி" என்றார்.

சொல்லிவிட்டுப் பென்சிலை மறுபடி தன் பையிலேயே வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.