மலையைக் கணக்கில் சேர்த்த வாத்து

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. குளிர்காலத்துக்கு அங்கே வந்து தங்கும் வாத்துகளில் மாசிலான் என்று ஒருவர். அடுத்தவர் போட்ட கணக்கையும் நின்று சரிபார்த்துவிட்டுத்தான் நகருவார்.

அவர் மனைவி அஞ்சலாட்சி முட்டையிடுவதற்காக முன்னாலேயே பனிமலைக்கு அப்பாலுள்ள ஏரிக்குப் போய்விட்டார். "என்னங்க, பௌர்ணமியன்னிக்குக் குஞ்சு பொரிஞ்சிடும். அதுக்குள்ள வந்துடுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். காரணம் இருந்தது. வாத்துக் குலத்தில், குஞ்சு கண் திறந்ததும் அம்மாவுக்குப் பக்கத்தில் எது நிற்கிறதோ அதுதான் அப்பா. அப்புறம் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது.

பௌர்ணமிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பயணமோ ஆறே நாள். மாசிலான் இறகைக் கோதிக்கொண்டு கிளம்பினார்.

ஆனால் காட்டில் புதுச் சட்டம் வந்திருந்தது. புறப்படும் ஏரி, சேரும் ஏரி, இடைத்தூரம், பயண நேரம் எல்லாம் படிவத்தில் எழுதி முத்திரை வாங்காமல் யாரும் பறக்கக் கூடாது. கவுன்ட்டரில் ஆமை உட்கார்ந்திருந்தார். பிறந்த ஏரியை விட்டு ஓர் அடி நகராதவர் என்பதால், தூரத்தைப் பற்றிப் பாரபட்சமில்லாமல் முடிவெடுப்பார் என்று அவரை நியமித்திருந்தார்கள்.

மாசிலானுக்கு முன்னால் நின்ற சின்னக் கிளுவை வாத்து, இடைத்தூரம் என்ற இடத்தில் 'ரொம்ப தூரம்' என்றும், பயண நேரத்துக்கு 'போனால் தெரியும்' என்றும் எழுதியது. ஆமை படிக்காமலே முத்திரை குத்தினார். கிளுவை பறந்துவிட்டது. இப்படியும் ஒரு பிழைப்பா என்று மாசிலானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பொறுப்பாக, '3,480 கிலோமீட்டர். ஆறு நாள் இரண்டு மணி நேரம்' என்று எழுதினார்.

ஆமை தூரம் காட்டும் கருவியைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, கருவி 3,100தான் காட்டுது."

"அது நேர்கோடுங்க ஐயா. குறுக்கே மலை இருக்கே! சுத்திக்கிட்டுல்ல போகணும்?"

"கருவியில மலை இல்லையே. பேசாம 3,100ன்னு போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. யாரு அளக்கப் போறா?"

"தப்பான கணக்குல நான் பறக்க மாட்டேன்."

"அப்ப மலை இருக்குன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

சான்றிதழுக்கான மனுவை நத்தை சுமந்துகொண்டு போயிற்று. போனதும் நத்தை, திரும்பி வந்ததும் நத்தை. எட்டு நாள் ஆனது. இரண்டு முறை மாசிலான் வளரும் நிலாவை அண்ணாந்து பார்த்தார். பறந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். நியாயம் தன் பக்கம் இருக்கும்போது எப்படிப் போவது?

கடைசியில் ஆமை கருவியில் மலையைச் சேர்த்து முத்திரை குத்தினார். மாசிலானுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது. சொன்னபடி ஆறு நாள் இரண்டு மணி நேரத்தில், நிமிஷம் பிசகாமல் போய் இறங்கினார்.

கரையில் ஒரு சடைமாடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஐந்து குஞ்சுகள், "அப்பா! அப்பா!" என்று ஓடிக்கொண்டிருந்தன. மாசிலான் குறுக்கே போய் நின்றார். குஞ்சுகள் பயந்து மாட்டின் காலுக்கடியில் புகுந்துகொண்டன.

மாசிலான் படிவத்தை மனைவியிடம் நீட்டினார். "பாரு அஞ்சலாட்சி. ஒரு நிமிஷம்கூடத் தாமதம் இல்ல."

அஞ்சலாட்சி படிவத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க. அவங்க அப்பா மேயுறாரு."

நீதி: தூரத்தைத் துல்லியமாகக் கணக்கிடுங்கள், பிள்ளைகளை மாடு பார்த்துக்கொள்ளும்.