திரள்ஞானி கண்டெடுத்த நட்சத்திரம்

"நாளைக்குக் காலையில ஆபரேஷனை வச்சுக்கிட்டு..."

"அதான் வேணாம்னு சொல்லிட்டேனே!"

"டாக்டர் தேதி குடுத்துட்டார் அக்கா!"

"குடுத்தா? உன் அத்தானோட நட்சத்திரம் மங்கிக் கிடக்கு. அது தெளியற வரைக்கும் உடம்புல கத்தி படக்கூடாதுன்னு ஞானி சொல்லிட்டார்."

"இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. நட்சத்திரமா இறங்கி வந்து அடைப்பை எடுக்கும்?"

இருவருக்கும் நடுவே மடக்கு நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தான் முனகினார். "மெதுவாப் பேசுங்கம்மா. நட்சத்திரம் கேட்டுடப் போகுது."

சண்டை நடந்தது வீட்டில் இல்லை. திரள்ஞானியின் மண்டப வாசலில், வரிசையில். ஊரே அங்கேதான் இருந்தது. படித்தவர்களுக்குத் தனி வரிசை; அதுதான் இரண்டில் நீளம். அக்காவுக்கு முன்னால் நின்றவர் கணக்கு வாத்தியார்.

வானத்தில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டை உருண்டையாகக் கூடிக்கிடக்கும் திரள்கள் உண்டு. அது உண்மை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு திரள் சொந்தம் என்பது ஞானியின் சரக்கு. படத்தில் உங்கள் நட்சத்திரத்தைத் தேடிப்பிடித்து, சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டுவார். இதுவரை ஒருவருடையதும் பளிச்சென்று இருந்ததில்லை. பளிச்சென்று இருந்தால் பிழைப்பு என்னாவது? மங்கலுக்கு மருந்து தங்கம். "தங்கம் விண்ணுல பிறந்தது. விண்ணுக்கே திருப்பிக் குடுங்க" என்பார். விண்ணில் பிறந்ததும் உண்மைதான். திரும்பிப் போகிற வழியில் அவருடைய இரும்புப் பெட்டியில் இறங்கிக் கொஞ்சம் இளைப்பாறும், அவ்வளவுதான். அக்காவின் கைகள் போன வாரமே மூளியாகிவிட்டன.

தங்கைக்கு வானாய்வுக் கூடத்தில் வேலை. தொலைநோக்கி எடுக்கிற படங்களில் அழுக்கு நீக்கித் தருகிறவள். கக்கத்தில் ஒரு சுருட்டிய தாளோடு வந்திருந்தாள்.

"அக்கா, அந்தத் திரள்ல இருந்து வெளிச்சம் இங்க வந்து சேர இருபதாயிரம் வருஷமாகும். அது கிளம்பினப்ப அத்தானும் இல்ல, அத்தானோட ரத்தக்குழாயும் இல்ல. அப்புறம் எப்படித் தெரிஞ்சு மங்கிச்சு?"

"தெரிஞ்சுதான் கிளம்பியிருக்கு! இருபதாயிரம் வருஷம் முன்னாடி அதுக்குத் தெரிஞ்சது, இவ்வளவு படிச்சும் உனக்குத் தெரியல பாரு."

வாய்ப்பேச்சில் அக்காவை ஜெயித்தவர் கிடையாது. தங்கை தாளைத் தட்டினாள்.

"சரி. ஒரே ஒரு பந்தயம். இது எங்க பெரிய தொலைநோக்கியில நேத்து எடுத்த படம். இதுல அத்தானோட நட்சத்திரம் இருக்கா இல்லையான்னு ஞானி சரியாச் சொல்லிட்டா, ஆபரேஷனைப் பத்தி வாயே திறக்கமாட்டேன். தப்பாச் சொன்னா, நாளைக்கு நீ வாயைத் திறக்கக்கூடாது."

"சரி, வா."

"சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் அங்க போய்ச் சேர்ந்துடப் போறேன்" என்றார் அத்தான்.

முறை வந்ததும் அத்தானை நாற்காலியோடு உள்ளே கொண்டுபோனார்கள். அங்கே நீல விளக்கு. சரிகைப் பொட்டு மின்னும் கறுப்புச் சால்வையில் ஞானி. தாளை விரித்ததும் அவர் முகம் மலர்ந்தது. கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் இறைந்து கிடந்தன.

"அடடா! எப்பேர்ப்பட்ட திரள்!" என்று கண்ணை மூடிக்கொண்டார். நட்சத்திரம் பார்க்கக் கண்ணை மூடுகிற ஒரே நிபுணர் உலகத்திலேயே அவர்தான். பிறகு பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டார். "இதோ உங்க வீட்டுக்காரர். போன வாரத்தைவிட மங்கிட்டார். நாளைக்குக் கத்தி பட்டா அணைஞ்சே போயிடுவார்."

அக்காவின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது.

"ஐயா, அது நிச்சயமா நட்சத்திரம்தானா?" என்று கேட்டாள் தங்கை.

"நட்சத்திரம் இல்லாம, ஒட்டடையா? என் கண்ணு பொய் சொல்லாதும்மா."

"அக்கா, படத்தோட பின்பக்கம் எங்க ஆளுங்க எழுதியிருக்கிறதைப் படி. சத்தமா."

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். "கேமரா சோதனை. பகல் மூன்று மணி. தொலைநோக்கியின் மூடி... திறக்கப்படவில்லை." நிமிர்ந்தாள். "பட்டப்பகல்லயா? மூடியோடயா?"

"ஆமா. வானத்துல இல்லாத புள்ளியையெல்லாம் கேமரா தானாப் போட்டுக்கும். அதனால தினமும் மூடியைத் திறக்காமலே ஒரு படம் எடுப்போம். அதுல தெரியறது அத்தனையும் பொய்ப்புள்ளி. ராத்திரிப் படத்துல இருந்து அதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் நட்சத்திரத்தையே எண்ண ஆரம்பிப்போம். இவர் அந்தக் குப்பையில அத்தானைக் கண்டுபிடிச்சிருக்கார்!"

ஞானி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அது... மூடியையும் தாண்டி வந்த சூட்சும ஒளி."

"ஆகா! மூடி போட்டும் தெரியுதே, என்ன சக்தி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் உருகியது.

அக்கா திரும்பினாள். இத்தனை நாள் தங்கைமேல் பாய்ந்த வாய், முதன்முறையாகத் திசை மாறியது.

"மூடியைத் தாண்டி வர்ற ஒளிக்கு என் வளையல் எதுக்கு? திறங்க அந்தப் பெட்டியை!"

பெட்டி திறந்தது. விண்ணுக்குப் போயிருந்த தங்கம் அத்தனையும் மேல்தட்டில் சௌக்கியமாக இருந்தது. அக்கா தன் வளையல்களை மாட்டிக்கொண்டு, அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். "ஆறு மணிக்கே வந்துடறோம் டாக்டர்."

ஞானி பின்கதவைப் பார்க்க ஆரம்பித்தார். தன் முறை முடிந்தும் போகாமல் நின்ற கணக்கு வாத்தியார் மட்டும் மோதிரத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று திருகிக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஒருவேளை என் நட்சத்திரத்தை மட்டுமாவது சரியாச் சொல்லியிருப்பாரோ?"

அத்தானைக் கைத்தாங்கலாக எழுப்பியபடி அக்கா கேட்டாள்:

"கேமராவைக்கூட தினமும் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் நம்புறாங்களாம். இந்த ஆளை நம்பறதுக்கு முன்னாடி நாம எத்தனை தடவை சோதிச்சோம், வாத்தியாரே?"