அனந்தலக்ஷ்மி அம்மாள் உயிரோடு இருக்கிறாரா?

மணக்காடு,
திருவனந்தபுரம்,
9-2-1955

மதிப்பிற்குரிய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ரிக்கார்டு செக்ஷன் தலைமைக் குமாஸ்தாவாக இருக்கும் க. தாணுலிங்கம் பிள்ளை எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் சம்சாரம் பொன்னம்மையும் க்ஷேமம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. அது உண்மையா என்பது தாங்கள் எழுதப்போகும் பதிலில் இருப்பதால், தங்கள் க்ஷேமத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் பத்திரிகையில் வாராவாரம் 'இன்னும் இருக்கிறேன்' என்ற தலைப்பில், தனக்குக் கான்ஸர் வந்த கதையைச் சொந்தமாக எழுதிவந்த கும்பகோணம் அனந்தலக்ஷ்மி அம்மாளின் பகுதி நாலு வாரமாக வரவில்லை. காரணமும் போடவில்லை. அந்தப் பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம் வருகிறது. அந்த அம்மாள் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? ஒரு வரி எழுதிப்போட்டால் போதும். ஆபீஸ் முறைப்படி என் கடிதம் இந்த இடத்தில் முடிய வேண்டும். ஆனால் இது சம்பந்தமாக நான் ஒரு குற்றம் செய்திருக்கிறேன். அதையும் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன ஐப்பசியில் பொன்னம்மையின் வலது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருப்பது எனக்குத் தெரியவந்தது. வலி இல்லை என்று நாலு மாதம் அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள். இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மெல்லப் பேசுகிற மனிதர். "இரிக்கூ பிள்ளே. இது அர்புதமாணு" என்றார். முப்பது வருஷமாக மலையாளத்தில் ஃபைல் எழுதுகிறவன் நான். இருந்தாலும் பயந்துபோயிருந்தவன் காதில் அது 'அற்புதம்' என்றுதான் விழுந்தது. எழுந்து நின்று, எல்லாம் பத்மநாபசுவாமி கிருபை சார் என்று கும்பிட்டுவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்திருந்த பொன்னம்மையிடம் ஓடிப்போய், "அற்புதம்னு சொல்லிட்டாரு" என்றேன். டாக்டர் பின்னாலேயே வந்து என் தோளில் கைவைத்து, "கான்ஸர், பிள்ளே. கான்ஸர்னு நம்மட பாஷையிலெ அதாணு பேரு. பேடிக்கண்டா" என்று பயத்தைப் போக்கப் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. பொன்னம்மைதான் என்னைப் பிடித்து பெஞ்சில் கிடத்தி, முந்தானையால் விசிறினாளாம். கட்டி அவளுக்கு, மயக்கம் எனக்கு.

ஆப்பரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து ஆறுதல் சொல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்த எல்லோருக்கும் இந்த நோயில் செத்துப்போன ஒருவரைத் தெரிந்திருந்தது. பிழைத்தவரை ஒருவருக்கும் தெரியவில்லை. என் அக்கா நீலாம்பாள் கோட்டாற்றிலிருந்து ஏத்தங்காய் உப்பேரி வறுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொன்னம்மையின் காலைத் தடவியபடி, "ஒண்ணும் பயப்படாண்டாம், கேட்டியா. எங்க தெருவிலெ ஒருத்திக்கு இதே மாதிரிதான் வந்துது. மூணு மாசம் தாண்டல்லை. ஆனா நல்ல சாவு, கஷ்டப்படல்லை" என்றாள். பொன்னம்மை, "உப்பேரியிலெ உப்பு சரியா இருக்கு மைனி" என்றாள். நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவுகிற மாதிரி வெகுநேரம் நின்றேன். அடுத்த நாள் முதல் வாசலிலேயே உட்கார்ந்து, யார் வந்தாலும் அவள் தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். விடிந்ததும் என் முதல் வேலை, அவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பது. ஒருநாள் அப்படிக் குனியும்போது அவள் கண்ணைத் திறந்து, "இருக்கேன். போயி பல்லு தேயுங்கோ" என்றாள்.

மார்கழியில் வெட்டின இடத்தில் எக்ஸ்ரே கரண்டு வைக்கத் தொடங்கினார்கள். திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரிக்குப் போய் வராந்தாவில் காத்திருக்க வேண்டும். அங்கேதான் எலிசாள் என்ற பள்ளிக்கூட டீச்சரைப் பார்த்தோம். நெய்யாற்றின்கரைப் பக்கம். அவளுக்கும் இதே வியாதி, ஒரு வருஷம் முந்தி. அவள் தன் பையிலிருந்து தங்கள் பத்திரிகையை எடுத்து, "அக்கா, மத்தவிய சொல்லுகதைக் கேக்காதீங்க. இவுங்க சொல்லுகதைக் கேளுங்க" என்று அனந்தலக்ஷ்மி அம்மாள் பகுதியைக் காட்டினாள். பொன்னம்மைக்குப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கக் கை வராது. நான்தான் வாசித்தேன்.

ஐயா, அந்த அம்மாள் தைரியமாக இரு என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. ஆப்பரேஷன் ஆகி மூன்று வருஷம் ஆகியும் ஒவ்வொரு இருமலுக்கும் பயப்படுகிறேன் என்று எழுதியிருந்தார். ரவிக்கைக்குள் இலவம்பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனதையும், அது நழுவித் தோளுக்கு ஏறியதையும், பந்தியில் ஒருத்தரும் கவனிக்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தார். பொன்னம்மை இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மடக்கிய கையை நிமிர்த்த, சுவரில் விரலால் மெல்ல ஏறி, எட்டிய இடத்தில் தினம் ஒரு கரிக்கோடு போடும்படி அந்த அம்மாள் எழுதியிருந்தார். எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் இப்போது முப்பத்தெட்டுக் கோடு இருக்கிறது.

தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் கிழக்கேகோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, கடையில் பத்திரிகையை வாங்கி, நின்ற இடத்திலேயே திறந்தேன். பகுதி இல்லை. முதலிலிருந்து கடைசி வரை மூன்று தடவை புரட்டினேன். மூன்று வருஷம் இருந்தவள் இல்லாமல் போனால், மூன்று மாதம் ஆன என் வீட்டுக்காரி கதி என்ன என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். வீட்டுக்குப் போனால் பொன்னம்மை கட்டிலில் சாய்ந்து, "வந்துட்டா? வாசியுங்கோ" என்றாள். அனந்தலக்ஷ்மி வந்துவிட்டாளா என்று அர்த்தம். நான் தைல விளம்பரத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இந்த வாரம் எனக்கு நல்ல பசி" என்று ஆரம்பித்தேன். இதுதான் குற்றம்.

இரண்டாவது வாரமும் இல்லை. அதற்கு முந்தியே ஆபீஸில் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதித் தயாராக வைத்திருந்தேன். அந்த அம்மாளுக்கு ஏழு பவுண்டு எடை கூட்டினேன். மூன்றாவது வாரமும் கூட்டினால் நடக்க முடியாதே என்று ஊர் பார்க்க அனுப்பினேன். கும்பகோணத்தை நான் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த மலை பொன்முடி, அதுவும் ஆபீஸ் வரைபடத்தில் பார்த்தது. ஆகவே அவரைப் பொன்முடிக்கே கொண்டுவந்து, வளைவு வளைவாக ஏற்றி, தேயிலைத் தோட்டத்தில் மூச்சு வாங்காமல் நடக்கவிட்டேன். நாலாவது வாரம் பத்திரமாக இறக்கினேன். எழுதும்போதெல்லாம், செத்துப்போன ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிகிறேனோ என்று பயம். எழுதாமல் இருக்கவும் பயம்.

கேட்டு முடித்த பொன்னம்மை, "கும்பகோணத்துக்காரி வந்து பாத்துட்டுப் போயிட்டா. நாம இவ்வளவு பக்கத்திலெ கெடந்துட்டு பாக்கல்லையே. ஞாயித்துக்கிழமை போவோம்" என்றாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? பஞ்சு, டிஞ்சர், வெந்நீர், டாக்டர் சீட்டு, அவள் ஜாதகம் எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் "பைய, பைய" என்று சொல்லப்போய், டிரைவர் திரும்பி, "இது பல்லக்கல்ல சாரே, பஸ்ஸாணு" என்றார். மலை அடிவாரத்தில் கல்லாறு என்ற இடத்தில் பஸ் நின்றுவிட்டது. மேலே மரம் விழுந்து வழி அடைபட்டிருந்தது. எனக்கு உள்ளூர நிம்மதி. பொன்னம்மை ஆற்றில் காலை நனைத்துவிட்டு வந்தாள். பக்கத்தில் ஒரு சாயாக்கடை. ராஜமணி என்ற பெண் நடத்துகிறாள். அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாயாவும் கொண்டுவந்து வைத்தவள், பொன்னம்மை இடது கையால் கிளாஸை எடுப்பதைப் பார்த்து, "வலது கையிலெ என்னம்மா?" என்று கேட்டாள்.

"கீழெ விளுந்துட்டா" என்றேன் நான்.

"விளல்லை" என்றாள் பொன்னம்மை. "மாருலெ கட்டி. கான்ஸர். வெட்டி எடுத்தாச்சு."

வீட்டில் என் அக்காவிடம்கூட அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. புளியங்கொட்டையிலிருந்து தொடங்கி, நான் மயங்கி விழுந்தது உட்பட எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். ராஜமணி அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "எங்க அக்கா மேலெ எஸ்டேட் கூலி லயத்திலெ இருக்கா. அவளுக்கும் ஒரு கட்டி இருக்கும்மா. ஆருட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா செத்துருவோம்னு பயப்படுதா" என்றாள்.

பொன்னம்மை எழுந்தாள். கடைத் தூணில் வலது கை விரலை வைத்து, மெல்ல மெல்ல ஏற்றி, தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் உதடு வலியில் வெளுத்திருந்தது. "எனக்கும் பயந்தான். இப்பவும் பயந்தான். ஆனா செத்தவ மாதிரியா இருக்கேன்? நாளைக்கு அக்காளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. வராந்தாவிலெ நான் இருப்பேன்" என்றாள்.

முந்தாநாள் திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். அந்த அக்காக்காரி தங்கை கையை விடவில்லை. டாக்டர் அறைக்குள் பொன்னம்மையும் கூடவே போனாள். கட்டி சின்னதுதான், சீக்கிரம் வந்தது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னாராம். வெளியே நின்ற நான்தான் இந்தத் தடவையும் பெஞ்சைத் தேடி உட்கார்ந்தேன்.

ஆகவே ஐயா, அந்த அம்மாள் உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால், தயவுசெய்து அந்தச் செய்தியைப் பத்திரிகையில் போட வேண்டாம். பகுதியை நானே தொடர்ந்து எழுதித் தருகிறேன். என் பெயர் வேண்டாம். சர்க்கார் உத்தியோகஸ்தன் இப்படி இன்னொருவர் பெயரில் எழுதலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். ஆனால் அந்த வராந்தாவில் பதினாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தங்களுக்கும், தங்கள் இல்லத்தாருக்கும், அச்சுக் கோக்கிறவர்களுக்கும் உடம்பில் ஒரு கட்டியும் வராமல், வந்தாலும் புளியங்கொட்டை அளவிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, நீண்ட ஆயுள் கிடைக்க ஸ்ரீபத்மநாபனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தாழ்மையுள்ள வாசகன்,
க. தாணுலிங்கம் பிள்ளை

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது பொன்னம்மை வந்து, "ஆருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பொய் வரவில்லை, கொடுத்துவிட்டேன். முழுக்கப் படித்தாள். பிறகு உள்ளே போய், அரிசிப் பானைக்கு அடியிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்துவந்தாள். அனந்தலக்ஷ்மி அம்மாள் கையெழுத்து. மகள் பிரசவத்துக்காகத் திருச்சிக்குப் போயிருந்தாராம், பெண் குழந்தையாம், மாசி முதல் மறுபடி எழுதப்போகிறாராம். முதல் வாரமே எலிசாளைக் கொண்டு பொன்னம்மை தங்கள் ஆபீஸ் மேல்விலாசத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். நான் அந்த அம்மாளை ஊர் பார்க்க அனுப்பியதையும் மூன்றாவது வாரம் எழுதியிருக்கிறாள். தாங்களும் இரண்டையும் அவருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். ஆக, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். "எப்பிடிக் கண்டுபிடிச்சே?" என்றேன். "கால் மணிக்கூறு வாசிச்சீங்கோ, ஒரு பக்கங்கூடத் திருப்பல்லையே" என்றாள். பின்னே ஏன் நாலு வாரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாய் என்றேன். "ஆப்பரேசன் களிஞ்ச நாள் தொட்டு உங்க சத்தம் நடுங்கிட்டே இருந்துது. நீங்களா உண்டாக்கி வாசிக்கும்போ மட்டும் நடுங்கல்லை. அதுக்காகத்தான்" என்றாள். ஆகையால் மேலே எழுதிய எதற்கும் தாங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. கார்டின் ஓரத்தில் அந்த அம்மாள் இப்படி எழுதியிருக்கிறார்: 'உங்காத்துக்காரர் என்னை எங்கெல்லாம் அழைச்சுண்டு போனார்னு விவரமா எழுதச் சொல்லுங்கோ. யாராவது கேட்டா நான் பதில் சொல்லணுமே.' இன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதப்போகிறேன்.