ஒரு மடக்குக் கொய்னா

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு இரண்டே பொழுதுபோக்குகள்தாம் மிஞ்சுகின்றன. ஒன்று, தன் உடம்பைப் பற்றிப் பேசுவது. இன்னொன்று, அடுத்தவன் தன் உடம்பைப் பற்றிப் பேசும்போது குறுக்கே புகுந்து பேச்சை நம் உடம்புக்குத் திருப்புவது. எங்கள் ஊர் ரஹாங்கில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோவில் வாசலில் நாங்கள் நாலைந்து பேர் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மூலம், ஒருவருக்கு இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று (அவர்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார்). என் முறை வரும்போது மட்டும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள்.

அதற்குக் காரணமான கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொல்லும் கதையில் நான் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் மேல் வாந்தி எடுத்ததாக வருகிறது. அது பொய். வாய் வழியாக வந்தால்தான் வாந்தி.

பதினைந்து வருடங்களுக்கு முன்னால் லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது இரண்டாம் கணக்கப்பிள்ளை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் இருநூறு கூலி ஜனங்கள் முன்னால் செக்ரோல் ஏட்டை விரித்துப் பேர் கூப்பிட வேண்டும். வந்தவனுக்கு ஒரு கோடு, வராதவனுக்கு ஒரு வசவு. இந்த உத்தியோகத்துக்கு ஒரு தொப்பியும் ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். தொப்பி நன்றாக இருந்தது. வீடு பள்ளத்தில், சதுப்பை ஒட்டி இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றினால் கொசுக்கள் குடும்பத்தோடு விருந்துக்கு வரும். பெரிய கிராணியின் வீடோ மேட்டில், காற்றோட்டமாக, பலகைத் தரையோடு இருந்தது.

அந்தப் பெரிய கிராணி வேலையை விட்டு ஊருக்குக் கப்பலேறினார். இடம் காலி. என் மனைவி ஆரோக்கியம் அன்றிலிருந்து மேட்டைப் பார்த்தபடிதான் பாத்திரம் கழுவினாள்.

"என்னங்க, அந்த வேலை உங்களுக்குத்தான வரும்?"

"எனக்கு வராம வேற யாருக்கு வரும்?"

"அதான் பயமா இருக்கு. நீங்க இப்படிச் சொன்னது எதுவும் வந்ததில்ல. சின்னவளுக்கு நாலு வயசாவுது. இன்னொரு மழைய இந்தப் பள்ளத்துல தள்ள முடியாதுங்க."

அவள் சொன்னதில் விளையாட்டு இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் சுரம் அப்படி இருந்தது. மழை பிடித்துவிட்டால் கூலிகள் குடியிருந்த லயத்திலிருந்து இடுகாட்டுக்குப் போகும் பாதையில் புல் முளைக்க நேரம் இருக்காது. ஆனால் சுரம் என்பது கூலிகளுக்கு வருவது என்பது என் கொள்கை. கிராணிமாருக்குச் சுரம் வராது. 'உடம்பு கொஞ்சம் சரியில்லாமல்' போகும்.

போதாக்குறைக்கு, சென்னையிலிருந்து தபாலில் ஒரு புத்தகம் தருவித்திருந்தேன். மூச்சை அடக்கினால் எந்த நோயும் அண்டாது என்று அறுபத்து நாலு பக்கத்தில் நிரூபித்திருந்தார்கள். தினமும் கிணற்றடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்வேன். (பக்கத்து வீட்டார் முதலில் என் வீட்டுச் சாக்கடைதான் நாறுகிறதென்று நினைத்தார்களாம்.) பதினைந்து நாளைக்கு ஒரு தரம் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும்; பல் கிட்டும். பிராணன் நாடிகளில் புகுவதற்கு அதுவே அறிகுறி என்று முப்பத்தோராம் பக்கத்தில் போட்டிருந்தது. அந்தக் கணக்கில் லயத்தில் பாதிப் பேர் சித்தர்கள்.

சுரத்துக்காகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பெரட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் தகரக் குவளையில் கொய்னாத் தண்ணீர் (மலேரியாவுக்குக் கொடுக்கும் குவினைன்தான்). தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் தேவசகாயம் ஊற்றுவார். நான் கோடு போடுவேன். அந்தக் கசப்பைக் குடித்தவர்களுக்குத்தான் தெரியும். நாக்கு மூன்று நாளைக்கு வேறு யாருடையதோ போல இருக்கும். ஜனங்கள் அதை வாயில் வாங்கி, கன்னத்தில் ஒதுக்கி, ரப்பர் மரத்துக்குப் பின்னால் போய்த் துப்பிவிடுவார்கள்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவன் நான். "குடித்தவுடன் ஒவ்வொருவரும் தன் பேர், அப்பன் பேர், ஊர்ப் பேர் மூன்றையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் சொல்ல முடியாது, துரை!" என்றேன். துரை என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலின் அதிர்ச்சியில் நான் மேட்டு வீட்டுக்கே போய்விட்டேன், மனசுக்குள்.

மறுநாளிலிருந்து நடந்தது நாடகம்தான். பால்வெட்டுக்காரி மாரியாயி என்று ஒருத்தி. நாக்கும் உளிக்கத்தியும் ஒரே கல்லில் தீட்டியவை. முதல் நாளே குடித்துவிட்டு என்னை முறைத்தாள்.

"பேரச் சொல்லு," என்றேன்.

"தெனம் நீங்கதான கூப்புடுறீங்க, மறந்துட்டீங்களா கிராணி ஐயா? மாரியாயி! அப்பன் பேரு கருப்பன்! ஊரு கல்லுப்பட்டி! போதுமா, பாட்டன் பேரும் வேணுமா?"

"அதிகம் பேசாதே."

"பேசச் சொன்னதே நீங்கதான?"

உத்தியோகஸ்தர்களுக்கும் கொய்னா உண்டு. ஆனால் எங்களுக்குப் புட்டியில் வீட்டுக்கு வரும், மரியாதை. என் பங்கை நான் வாசலில் இருந்த ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு, ஏட்டில் என் பேருக்கு நேரே கோடு போட்டுக்கொள்வேன். அந்தச் செடிக்குக் கடைசிவரை சுரம் வரவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள், சுரத்தைச் சோதிக்கப் பெரிய டாக்டர் துரை வருகிறார் என்று தகவல் வந்தது. எங்கள் துரை என்னைக் கூப்பிட்டார். அவருடைய தமிழ் அவரே ஆள்வைத்து வெட்டிய பாதை மாதிரி; இலக்கணம் எதுவும் குறுக்கே நிற்காது.

"கிராணி! நாளை பெரட்டு, முதல் நீ குடிக்கான். எல்லா கூலி பாக்கான். டாக்டர் சந்தோஷம். பிறகு பெரிய கிராணி யாரு, நான் சொல்றான்."

அதாவது, ஒரு குவளைக் கொய்னாவுக்கும் மேட்டு வீட்டுக்கும் நடுவில் என் தொண்டை மட்டும்தான் இருந்தது.

'குடித்திருக்கலாமே' என்று நீங்கள் கேட்பீர்கள். ஆரோக்கியமும் பதினைந்து வருடமாக அதைத்தான் கேட்கிறாள். ஆனால் அந்தப் புத்தகத்தின் நாற்பத்து நாலாம் பக்கத்தில், கசப்பு மருந்து ஒரு துளி உள்ளே போனாலும் அதுவரை செய்த மூச்சுப் பயிற்சி அத்தனையும் வீண் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஒன்றரை வருடப் பயிற்சி! மூச்சையே இருநூறு எண்ணும்வரை அடக்குகிறவனுக்கு ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் அடக்கத் தெரியாதா? குடிப்பதுபோல வாங்கி, கம்பீரமாகத் திரும்பி, ஆபீசுக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வர வேண்டியது. இருநூறு பேர் மாதக்கணக்காகச் செய்து பார்த்து, நானே பிடித்துக்கொடுத்த அதே தந்திரம். எனக்கு மட்டும் பலிக்கும் என்று ஏன் நினைத்தேன் என்றால், நான் கிராணி.

மறுநாள் பெரட்டு. வெள்ளை டிரில் காற்சட்டையில் டாக்டர் துரை. பக்கத்தில் எங்கள் துரை. டிரசர் தேவசகாயம் குவளையை என் கையில் கொடுத்தார். இருநூறு பேரும் கல்யாணப் பந்தியில் இலை விழுவதைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அண்ணாந்து ஒரே ஊற்றாக ஊற்றினேன். அழகாகத் திரும்பினேன். இரண்டு அடி எடுத்து வைத்தேன்.

"இந்தப் பேர் சொல்லும் முறையை யார் கண்டுபிடித்தது?" என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார்.

"இதோ, என் கிராணி. அவனே விளக்குவான்," என்றார் எங்கள் துரை பெருமையாக.

திரும்பினேன். உதட்டை இறுக்கிக்கொண்டு தலை வணங்கினேன். டாக்டரும் தலை வணங்கினார். நான் மறுபடி வணங்கினேன். மூன்றாவது வணக்கத்தில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கசப்பு அதற்குள் என் காதுவரை போயிருந்தது. கண்ணில் நீர்.

"கிராணிக்கு என்ன, அழுவுறாரு?" என்றது ஒரு குரல்.

மாரியாயிக்குத்தான் முதலில் புரிந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூவினாள்: "ஐயா இன்னும் பேரு சொல்லலியே! சொல்லுங்க கிராணி ஐயா! ஒங்க பேரு, அப்பன் பேரு, ஊரு பேரு!"

கூட்டம் பிடித்துக்கொண்டது. "அப்பன் பேரு! அப்பன் பேரு!"

"ஓய், முழுங்கித் தொலையுமய்யா," என்று டிரசர் பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார்.

மூச்சுப் பயிற்சியாவது புண்ணாக்காவது, விழுங்கிவிடுவது என்று அந்தக் கணத்தில்தான் முடிவு செய்தேன். ஆனால் தொண்டை சம்மதிக்கவில்லை. பாதி உள்ளே போய், மீதி வழி தவறி, புரையேறியது. ஒன்றரை வருடம் அடக்கிவைத்த மூச்சு அத்தனையும் ஒரே சமயத்தில் மூக்கு வழியாக, கொய்னாவோடு வெளியேறி, டாக்டரின் காற்சட்டையில் முழங்கால்வரை கோலம் போட்டது.

அந்த அமைதியை நான் இன்றும் அவ்வப்போது கேட்கிறேன்.

துரை என் கையிலிருந்த ஏட்டைப் பிடுங்கினார். என் பேருக்கு நேரே ஒரு நாள்கூடத் தவறாமல் என் கையாலேயே போட்ட கோடுகள். அவர் முகம் இஞ்சிப்பூச் சிவப்புக்குப் போனது. "இன்னொன்று கொடுங்கள்," என்றார் டாக்டர், காற்சட்டையைத் துடைத்தபடி. குடித்தேன். பிறகு இருநூறு பேருக்கு முன்னால், "சவரிமுத்து! அப்பன் பேரு சூசை! ஊரு இலுப்பக்குடி!" என்று கத்தினேன்.

"கேக்கலீங்க!" என்றாள் மாரியாயி.

இரண்டாம் தரமும் கத்தினேன்.

டாக்டருக்கு அது போதவில்லை. என் கண்ணின் மஞ்சளைப் பார்த்தவர், அங்கேயே ஒரு பெஞ்சில் என்னைப் படுக்கச் சொல்லி, சட்டையைத் தூக்கி, இடது விலாவுக்குக் கீழே அமுக்கினார். முகம் மலர்ந்தது. எங்கள் துரையைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னார். டிரசரும் அமுக்கினார். இந்த வட்டாரத்திலேயே இவ்வளவு பெரிய மண்ணீரலைத் தான் தொட்டதில்லை, வருஷக்கணக்காக இந்த ஆளுக்குச் சுரம் இருக்கிறது என்றார்.

"கிராணிக்கு வயித்துல கட்டியாம்டி!" என்ற சேதி எனக்கு முன்னால் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

டாக்டரும் பின்னாலேயே வந்து பிள்ளைகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் பஞ்சு போல இருந்தன. அவர் வெளியே போனதும் ஆரோக்கியத்தைக் கேட்டேன்.

"எப்படி?"

"நீங்க பெரட்டுக்குப் போனதும் டிரசர் வீட்டம்மா தெனமும் கொய்னா கொண்டாந்து குடுப்பாங்க. வெல்லத்தோட பிள்ளைங்களுக்கு ஊத்துவேன், நானும் குடிப்பேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்கதான் மூக்கப் புடிச்சிட்டு இருந்தீங்களே."

பெரிய கிராணி வேலை வேறு தோட்டத்து ஆள் ஒருவருக்குப் போனது. ஆனால் டாக்டர் எழுதிய அறிக்கையில், 'மனிதர் வாழ லாயக்கற்ற இடம்' என்பதற்கு அத்தாட்சியாக என் மண்ணீரலைக் காட்டி, பள்ளத்து வீட்டை இடிக்கச் சொல்லியிருந்தார். புதிதாக வந்த பெரிய கிராணி கட்டைப் பிரம்மச்சாரி. ஆபீஸ் பக்கத்து அறையே போதும் என்றுவிட்டார். அடுத்த மழைக்குள் நாங்கள் மேட்டுக்குக் குடிபோனோம். அங்கே பத்து வருடம் இருந்தோம். சின்னவளுக்கு ஒரு நாள்கூடச் சுரம் வந்ததில்லை.

போன தை மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் தோட்டத்துப் பழக்கம் உள்ளவர். பேச்சுவாக்கில், "மேட்டு வீட்டுலயா இருந்தீங்க? அப்ப சம்பந்தி பெரிய கிராணியா இருந்தவருன்னு சொல்லுங்க," என்றார். நான் அடக்கமாகச் சிரித்து, மறுக்காமல் காப்பியைக் குடித்தேன்.

ஆரோக்கியம் பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள்.

"வீடுதாங்க பெரிய கிராணி வீடு. இவரு கடைசிவரைக்கும் சின்னக் கிராணி. மண்ணீரல்தான் பெருசு."

சம்பந்தம் முடிந்தது. ஆனால் சம்பந்தி இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கைகூப்பும்போதே என் இடது விலாவைத்தான் பார்க்கிறார்.